பணக் கஷ்டத்தில் இருக்கும் விமான நிறுவனத்தில் வெளிநாட்டு டிக்கெட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விமான நிறுவனம் கடனில் தள்ளாடுகிறது என்று செய்தி வருகிறது. நீங்கள் போக வேண்டிய ஊருக்கு மற்றவர்களைவிட மலிவாக டிக்கெட் விற்பதும் அதே நிறுவனம்தான். வாங்கலாமா, ஏற்கனவே வாங்கியிருந்தால் என்ன செய்வது, நடுவழியில் நின்றுபோனால் யாரைக் கேட்பது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நேரடியாகச் சொல்லுங்கள், வாங்கலாமா கூடாதா?

வாங்கலாம். ஆனால் "இந்த நிறுவனம் பிழைக்குமா, பிழைக்காதா" என்று கணித்து வாங்காதீர்கள், அதை நிறுவனத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களாலேயே பல நேரம் சொல்ல முடிவதில்லை, கடைசி வாரம் வரை முதலீட்டாளர் வருகிறார், கடன் வருகிறது என்று பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நாளைக்கே இது நின்றுபோனால் என் பணத்தை எனக்குத் திருப்பித் தரும் பொறுப்பு, விமான நிறுவனத்தைத் தவிர, வேறு யாருக்காவது இருக்கிறதா? நான் வெளிநாட்டில் இருக்கும்போது நின்றால் ஊர் திரும்ப என் கையில் என்ன வழி இருக்கிறது? இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், அறுவை சிகிச்சை, கல்லூரியில் சேரும் நாள், வேலையில் சேரும் நாள், விசா காலாவதி என்று தேதி தவறவே கூடாத பயணம் என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் என்பது மட்டும் போதாது. கடைசி நேரத்தில் இன்னொரு டிக்கெட் வாங்க முடிகிற வசதி இருந்தால் தவிர இந்த மாதிரி நிறுவனங்களைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

திவால் மனு போட்டுவிட்டார்கள் என்று செய்தி பார்த்தேன். அப்படியென்றால் விமானங்கள் நின்றுவிடுமா?

நிற்க வேண்டும் என்று இல்லை. இதில்தான் நிறைய பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், சிலர் தேவையான இடத்தில் பயப்படாமலும் இருந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் சாப்டர் 11 என்ற ஏற்பாடு இருக்கிறது. கடன் கொடுத்தவர்களை நீதிமன்றம் சற்று நிறுத்திவைக்கும், நிறுவனம் பறந்துகொண்டே தன்னைச் சீரமைத்துக்கொள்ளும். டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் இந்த மனுவைப் போட்டன, யுனைடெட் 2002-இல் போட்டது, அமெரிக்கன் 2011-இல் போட்டது. யாருடைய விமானமும் அதனால் நின்றுவிடவில்லை, பயணிகளின் டிக்கெட்டும் செல்லுபடியானது. அமெரிக்க நிறுவனங்கள் மட்டும்தான் இதைப் பயன்படுத்த முடியும் என்றும் இல்லை. ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் 2022 ஜூலையில் சாப்டர் 11-க்குள் போய் 2024 ஆகஸ்டில் வெளியே வந்தது, இடையில் பறந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் மனு போட்டது, 2025 மார்ச்சில் வெளியே வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் மனு போட்டது.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிரிட்டனின் மோனார்க் 2017 அக்டோபர் 2 அதிகாலையில் நின்றது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச் 28 அன்று நின்றபோது பயணிகள் விமான நிலையங்களில் காத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2 அன்று தானாகவே திவால் மனு போட்டுவிட்டு, முதலில் சில நாட்களுக்கு மட்டும்தான் ரத்து என்று அறிவித்தது, பிறகு அந்தத் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் திரும்பப் பறக்கவே இல்லை.

அதனால் "திவால்" என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் மனு, பறந்துகொண்டே சீரமைப்பா அல்லது சொத்தை விற்றுக் கணக்கை முடிப்பதா, அன்றாடச் செலவுக்குப் புதிதாகக் கடன் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மனுவே போடாமல், கையில் ரொக்கம் தீர்ந்துகொண்டிருக்கும் நிறுவனம், நீதிமன்றப் பாதுகாப்பில் கடன் வாங்கிப் பறக்கும் நிறுவனத்தைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

வெளியில் இருக்கும் நாம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வருடக்கணக்கில் நஷ்டத்திலேயே ஓடும் நிறுவனங்கள் இருக்கின்றன. நஷ்டத்தோடு சமாளித்துவிடலாம், அன்றாடச் செலவுக்கு ரொக்கம் இல்லையென்றால்தான் எல்லாம் நிற்கும். ஆகவே யார் யாருக்குப் பணம் கொடுக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சம்பளம் தாமதம் என்ற செய்தி முதலில் வரும். அப்புறம் எரிபொருள் நிறுவனங்கள் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தி, ரொக்கம் கட்டினால்தான் எண்ணெய் என்பார்கள். பெரும்பாலான விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை என்பதால், வாடகை வராவிட்டால் உரிமையாளர்கள் விமானத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுக்க ஆரம்பித்தால் நிலைமை வேகமாகச் சரியும். ஜெட் ஏர்வேஸ் கதையில் இது எல்லாமே வரிசையாக நடந்தது: வாடகை கட்டாததால் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன, 2019 ஏப்ரல் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்று பாக்கிக்காக அதன் போயிங் 777 விமானத்தையே பிடித்து வைத்தது, ஒரே வாரத்தில், ஏப்ரல் 17 அன்று, எல்லாப் பறப்பும் நின்றது.

பயணிகள் அதிகம் கவனிக்காத அடையாளம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: கார்டு வழியாக வரும் பணத்தைக் கையாளும் நிறுவனங்கள் அதை விமான நிறுவனத்துக்கு உடனே கொடுக்காமல் பிடித்து வைக்கத் தொடங்குவது. விமானம் பறக்காவிட்டால் பயணிக்குப் பணத்தைத் திருப்பித் தரும் சுமை தங்கள் தலையில் விழும் என்று பயந்துதான் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஃப்ரான்டியர் ஏர்லைன்ஸ் சாப்டர் 11-க்குப் போனதற்குக் காரணமே, அதன் கார்டு நிறுவனம் டிக்கெட் பணத்தில் பெரும் பங்கைப் பிடித்து வைக்கப்போவதாகச் சொன்னதுதான். இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் புது டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

ஏஜென்ட்கள் அந்த நிறுவன டிக்கெட்டை விற்பதை நிறுத்துவதும் அதே மாதிரி. 2012 மார்ச்சில் கிங்ஃபிஷர் டிக்கெட்டுகளை விற்க வேண்டாம் என்று, உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா ஏஜென்ட்களுக்குச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபரில் அதன் விமானங்கள் நின்றன.

கஷ்டத்தில் இருப்பவர்கள் எதற்கு இவ்வளவு மலிவாக விற்கிறார்கள்?

உங்கள் பணம் அவர்களுக்கு இன்றைக்கே வேண்டும் என்பதால். ஆறு மாதம் கழித்துப் பறக்கும் டிக்கெட்டுக்கு இப்போது நீங்கள் கட்டும் தொகை, வட்டியில்லாமல், அடமானம் இல்லாமல் நீங்கள் கொடுக்கும் கடன். பல நாடுகளில் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இந்த வார எரிபொருளுக்கும் சம்பளத்துக்கும் அது போய்விடும். வங்கி கடன் கொடுக்க மறுக்கும்போது, கடன் கொடுக்க மிச்சமிருப்பவர்கள் பயணிகள்தான். தூரத்துத் தேதிகளுக்குத் திடீரென்று பெரிய தள்ளுபடி போடுவது எல்லா நேரமும் ஆபத்தின் அறிகுறி என்று சொல்லமாட்டேன், நல்ல நிலையில் இருப்பவர்களும் போடுவார்கள், ஆனால் மேலே சொன்ன செய்திகளோடு சேர்ந்து வந்தால் அந்தத் தள்ளுபடிக்கு மயங்காதீர்கள்.

பணத்தை எப்படிக் கட்டுவது பாதுகாப்பு?

கிரெடிட் கார்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இது போதும்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணமும் ரொக்கமும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான், நிறுவனம் மூழ்கினால் அதோடு சேர்ந்து மூழ்கும். கார்டில் கட்டினால் சார்ஜ்பேக் கேட்கலாம்: "பணம் வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை" என்று உங்கள் வங்கியிடம் புகார் கொடுத்தால், வங்கி கார்டு வலைப்பின்னல் வழியாக, விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கப் பார்க்கும். விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளுக்கும் இந்த வழி பொதுவாக உண்டு, ஆனால் பணம் திரும்பும் வரை உங்கள் கணக்கில் அது இல்லாமல்தான் இருக்கும், கிரெடிட் கார்டில் அந்த இறுக்கம் குறைவு.

காலக்கெடு விஷயத்தில் பலர் தவறாக நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வழக்கமான 120 நாள், பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுவது இல்லை, சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து, அதாவது விமானம் பறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து, அல்லது அது கிடைக்காது என்று தெரிந்த நாளிலிருந்து ஓடும். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து மொத்தம் 540 நாள் என்ற வெளி எல்லையும் இருக்கிறது. வங்கிகள் தங்களுக்கென்று இன்னும் குறைந்த கெடு வைத்திருக்கலாம், அதனால் நின்றுவிட்டது என்று உறுதியானதும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

பிரிட்டனில் இதைவிடப் பலமான பாதுகாப்பு இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ கிரெடிட் கார்டு கொடுத்த நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பாளி. விலையில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கேட்கலாம். இது சட்டம் தரும் உரிமை. சார்ஜ்பேக் அப்படி இல்லை, கார்டு நிறுவனங்களின் விதிதான், அதனால் வங்கி முதலில் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு மறுபடி முயலுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போடுவது நல்லதா, விமான நிறுவனத்திடமே நேராகவா?

ஒரே பதில் கிடையாது, நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வெறும் விமான டிக்கெட் என்றால் நேராக வாங்குவதே எளிது. ஏஜென்டிடம் கொடுத்த பணம் வழக்கமாகச் சில நாட்களிலோ வாரங்களிலோ ஐயாட்டாவின் கணக்குத் தீர்வு முறை வழியாக விமான நிறுவனத்துக்குப் போய்விடும், பிறகு அது மூழ்கினால் "பணம் எங்களிடம் இல்லை" என்பார் ஏஜென்ட், அது உண்மையாகவும் இருக்கும். கார்டு பில்லில் யார் பெயர் வருகிறதோ அவர்மேல்தான் சார்ஜ்பேக் போகும், ஏஜென்ட் பெயர் இருந்தால் "நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று அவர் மறுக்கலாம், இழுபறி ஆகும். முன்னால் சொன்ன பிரிட்டன் 75-ஆவது பிரிவும் நடுவில் ஏஜென்ட் வந்தால் பல நேரம் அறுந்துபோகிறது.

ஆனால் விமானமும் தங்குமிடமும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பேக்கேஜ் விற்றவர்தான் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. விமான நிறுவனம் நின்றுபோனால் வேறு விமானம் ஏற்பாடு செய்வதோ பணத்தைத் திருப்புவதோ அவர் வேலை. அவரே திவாலானாலும் பயணிகளுக்குப் பணம் திரும்பவும், நடுவழியில் இருப்பவர்கள் ஊர் திரும்பவும் உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிரிட்டனில் அதற்கு ஏட்டால் என்று பெயர், 1973-லிருந்து இருக்கிறது. பேக்கேஜ் வாங்கும்போது ஏட்டால் சான்றிதழ் கையில் வந்ததா என்று பாருங்கள், விளம்பரத்தில் அதன் முத்திரை இருப்பது மட்டும் போதாது.

பயண இன்சூரன்ஸ் எடுத்தால் இந்தக் கவலையே இல்லையே?

இருக்கிறது. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் போவது, பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது இதெல்லாம்தான் இருக்கும், விமான நிறுவனம் திவாலாவது இருக்காது. அதற்கென்று தனிப் பிரிவு இருக்க வேண்டும். பாலிசி ஆவணத்தில் அதைத் தேடிப் பார்த்து, இருந்தால் இன்னும் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, ஏற்கனவே தெரிந்த ஆபத்துக்கு இன்சூரன்ஸ் கொடுக்காது. திவால் மனு போட்ட பிறகோ, நிலைமை ஊரெல்லாம் பேசப்பட்ட பிறகோ எடுத்த பாலிசியில் கோரிக்கை மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். சில நிறுவனங்கள் "இந்த இந்த விமான நிறுவனங்களுக்குப் பொருந்தாது" என்று பெயர் போட்டே பட்டியல் வைத்திருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, பாலிசி எடுத்து முதல் சில நாட்களுக்குள் நிறுவனம் நின்றால் பொருந்தாது என்ற காத்திருப்புக் காலம். மூன்றாவது, என்ன தருவார்கள் என்பது. பழைய டிக்கெட் விலையை மட்டும் தருவார்களா, அல்லது வீடு திரும்பக் கடைசி நேரத்தில் வாங்கும் புது டிக்கெட்டின் கூடுதல் செலவையும் தருவார்களா? பழைய விலையைக் கார்டு வழியாகவே வாங்கிவிட முடியும். நம்மைக் கவிழ்ப்பது அந்தக் கூடுதல் செலவுதான், அதை ஈடுகட்டும் பாலிசிக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

டிக்கெட்டில் வேறு நல்ல நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. அப்போது பயமில்லைதானே?

யார் டிக்கெட்டை வெளியிட்டார்கள், யார் விமானத்தை ஓட்டுகிறார்கள், இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பதிமூன்று இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: 176 என்றால் எமிரேட்ஸ், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஆறு எழுத்து பிஎன்ஆர் இதைக் காட்டாது.

நல்ல நிலையில் இருக்கும் நிறுவனம் வெளியிட்ட டிக்கெட், நடுவில் ஒரு பகுதியை மட்டும் தள்ளாடும் நிறுவனம் ஓட்டுகிறது என்றால் நீங்கள் ஓரளவு நல்ல இடத்தில் இருக்கிறீர்கள், உங்கள் பணத்தை வாங்கியவர் இன்னும் நிற்கிறார், அவரிடம் மாற்று வழி கேட்கலாம். இதுவே தலைகீழாக, தள்ளாடும் நிறுவனம் வெளியிட்ட டிக்கெட்டில் நல்ல நிறுவனத்தின் விமானம் இருந்தால் நம்பிவிடாதீர்கள். விமான நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டியதை ஒரு பொதுக் கணக்குத் தீர்வு மையம் வழியாகத் தீர்த்துக்கொள்கின்றன, அங்கிருந்து தள்ளாடும் நிறுவனம் வெளியேற்றப்பட்டால், தனக்குப் பணம் வராது என்று தெரிந்த நிறுவனம் உங்களை ஏற்ற மறுக்கலாம்.

தனித்தனி டிக்கெட்டாக வாங்கி நீங்களே இணைத்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. முதல் விமானம் நின்றுபோனால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்கவோ தேதி மாற்றவோ எந்தக் கடமையும் கிடையாது.

போகும்போது இதில் போய், வரும்போது வேறு நிறுவனத்தில் வரலாமா?

நல்ல யோசனை, நான் பலருக்கும் இதைத்தான் சொல்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும் முன் நிறுவனம் நின்றால் பண நஷ்டமும் ஏமாற்றமும்தான். வெளிநாட்டில் விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கையில் மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கும்போது, குழந்தைகளோடு இருக்கும்போது நின்றால் அது வேறு கதை. அதனால் திரும்பும் பாதையை வலுவான நிறுவனத்திடம் கொடுங்கள். ஒரே ஒரு சிக்கல், போகும் விமானம் ரத்தானால் திரும்பும் டிக்கெட்டும் வீணாகும், ஆகவே திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாகவோ ரத்து செய்தால் பணம் கிடைப்பதாகவோ இருக்கட்டும். சில தடங்களில் இரண்டு ஒருவழி டிக்கெட் சேர்த்தால் போய்வரும் டிக்கெட்டைவிட ரொம்ப விலையாகும், அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

எவ்வளவு நாள் முன்பாக வாங்கலாம்?

ஆரோக்கியமான நிறுவனம் என்றால் முன்கூட்டியே வாங்குவது லாபம். இங்கே சில வாரங்களுக்குள் இருக்கும் பயணத்துக்கு மட்டும் வாங்குங்கள். பத்து மாதம் கழித்துப் பறக்கும் டிக்கெட்டை இவர்களிடம் வாங்கி மிச்சப்படுத்தும் தொகை, பத்து மாதம் கவலைப்படுவதற்கு ஈடாகாது.

நேரத்தையும் தேதியையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், வவுச்சர் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். நிறுவனம் நின்றால் வவுச்சர் வெறும் காகிதம், அதுமட்டும் இல்லாமல், வவுச்சரை ஒப்புக்கொண்டுவிட்டால் "எனக்குச் சேவை கிடைக்கவில்லை" என்று கார்டு வங்கியிடம் சொல்வதும் கடினமாகிவிடும். கூடுதலாகப் பத்து, இருபது சதவீதம் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள், அதற்காகவும் சம்மதிக்காதீர்கள்.

விமானத்தை ரத்து செய்தது அவர்கள் என்றால் பல நாடுகளில் பணமாகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழு நாட்களுக்குள் தர வேண்டும். அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாட்கள், மற்ற வழிகளில் கட்டியிருந்தால் இருபது நாட்கள். வெளிநாட்டுப் பயணத்தில் புறப்படும் நேரம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னே போனாலோ, வந்துசேரும் நேரம் அதே அளவு தள்ளிப்போனாலோ, அந்த மாற்றத்தை நீங்கள் ஏற்காவிட்டால், அதுவும் பணம் திரும்பப் பெறத் தகுதியான பெரிய மாற்றம் என்று அமெரிக்க விதி சொல்கிறது.

கவனமாக இருங்கள்: பதற்றத்தில் நீங்களே "கேன்சல்" பட்டனை அழுத்திவிட்டால், திரும்பத் தராத டிக்கெட்டில் இந்த உரிமை எல்லாம் போய்விடும். அவர்கள் ரத்து செய்யும் வரை காத்திருங்கள், ரத்து செய்ததும் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்திக்கொண்டு அன்றைக்கே பணம் கேளுங்கள். தருகிறோம் என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் இழுத்தால், அந்த வாக்குறுதியையே ஆதாரமாக வைத்து வங்கிக்குப் போங்கள்.

ஏற்கனவே டிக்கெட் எடுத்துவிட்டேன், இப்போதுதான் செய்தி பார்த்தேன். என்ன செய்வது?

முதலில் எந்தக் கார்டில் கட்டினீர்கள் என்று பாருங்கள். டிக்கெட், ரசீது, டிக்கெட் எண், அவர்கள் அனுப்பிய எல்லா மின்னஞ்சலையும் உங்கள் போனில் இறக்கி வையுங்கள், ஏனென்றால் நிறுவனம் நின்றதும் அதன் தளமும் ஆப்பும் வேலை செய்யாமல் போகலாம். டிக்கெட்டின் விதியில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தால், கட்டணம் கொஞ்சம் பிடித்தாலும் இப்போதே ரத்து செய்வதை யோசியுங்கள். கிடைக்காது என்றால் வைத்திருங்கள். அதே நாளுக்கு வேறு யார் பறக்கிறார்கள், என்ன விலை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பணம் திரும்பக் கிடைக்கும் மாற்று டிக்கெட் ஒன்றை எடுத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இருக்கை, கூடுதல் பெட்டி, சாப்பாடு என்று இந்த நிறுவனத்துக்கு மேற்கொண்டு காசு கட்டாதீர்கள். அங்கே எடுத்த ஹோட்டலைக் கடைசி நேரம் வரை இலவசமாக ரத்து செய்ய முடிகிற மாதிரி மாற்றுங்கள்.

பணக் கஷ்டம் என்றால் பராமரிப்பிலும் கை வைப்பார்களா? பறப்பதே ஆபத்தா?

பராமரிப்பு விதிகள் பணக்கார நிறுவனம், ஏழை நிறுவனம் என்று பார்ப்பதில்லை, நிறுவனம் கஷ்டத்தில் இருப்பது தெரிந்தால் கண்காணிப்பு அமைப்புகள் கூடுதலாகவே பார்க்கும். நடைமுறையில் நடப்பது, உதிரிபாகம் வாங்கக் காசில்லாமல் விமானத்தை நிறுத்திவைப்பது. உங்களுக்கு அது ரத்தாகவும் தாமதமாகவும்தான் வந்து சேரும்.

வெளிநாட்டில் இருக்கிறேன், நிறுவனம் நின்றுவிட்டது. இப்போது?

விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். கவுன்டரில் யாரும் இருக்கமாட்டார்கள், அல்லது பல மாதம் சம்பளம் வராத ஊழியர்கள் நிற்பார்கள், அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, அவர்களிடம் கோபப்படுவதிலும் அர்த்தம் இல்லை. தங்கியிருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து, பேக்கேஜ் என்றால் விற்றவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மற்ற விமான நிறுவனங்களின் தளங்களைப் பாருங்கள். இந்த மாதிரி நேரத்தில் அதே தடத்தில் பறக்கும் நிறுவனங்கள் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று குறைந்த விலையில் சிறப்பு டிக்கெட் தருவது உண்டு, வாவ் ஏர் நின்றபோதும் தந்தார்கள். ஆனால் அது அவர்கள் விருப்பம், காலி இருக்கை இருந்தால்தான், சில நாட்களுக்குத்தான், பழைய டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள். சீக்கிரம் கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

அரசாங்கம் வந்து கூட்டிப்போகுமா என்றால், சில நேரம் நடந்திருக்கிறது. மோனார்க் நின்றபோது வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,10,000 பேரை, ஏட்டால் பாதுகாப்பு இல்லாதவர்களையும் சேர்த்து, பிரிட்டன் அரசு திருப்பிக் கொண்டுவந்தது. 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் பயண நிறுவனமான தாமஸ் குக் விழுந்தபோது சுமார் 1,50,000 பேர். ஆனால் இதை எதிர்பார்த்து இருக்காதீர்கள், பெரும்பாலான நிறுவனங்கள் விழுந்தபோது பயணிகள் தங்கள் செலவில்தான் திரும்பினார்கள்.

விசா முடியப்போகிறது என்றால் முடியும் முன்னரே அந்த நாட்டின் குடிவரவு அலுவலகத்துக்கும் உங்கள் தூதரகத்துக்கும் எழுதிவிடுங்கள், நிறுவனம் நின்றதற்கான அறிவிப்பையும் இணையுங்கள். புது டிக்கெட், கூடுதல் நாள் தங்கியது, டாக்ஸி, சாப்பாடு, எல்லா ரசீதையும் வையுங்கள்.

ரத்துக்கு நஷ்ட ஈடு உண்டு என்று ஐரோப்பிய விதி சொல்கிறதே, அது?

உரிமை காகிதத்தில் இருக்கும், கொடுக்க வேண்டியவரிடம் பணம் இருக்காது. அந்தத் தொகைக்கும் நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அரசு நிறுவனம் என்றால் கைவிடமாட்டார்கள் அல்லவா?

இத்தாலியைப் பாருங்கள். அலிடாலியாவை அரசு வருடக்கணக்கில் காப்பாற்றி வந்தது, கடைசியில் 2021 அக்டோபர் 14 அன்று அதன் கடைசி விமானம் பறந்தது. அடுத்த நாளே ஐடிஏ என்ற புது நிறுவனம் பறக்கத் தொடங்கியது, ஆனால் அக்டோபர் 15 முதலான அலிடாலியா டிக்கெட்டுகள் அதற்கு மாறவில்லை, முன்னதாகவே பயணம் செய்யுங்கள் அல்லது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் பயணிகளிடம் சொன்னார்கள். நாட்டுக்கு ஒரு விமான நிறுவனம் வேண்டும் என்று அரசு நினைக்கலாம், அது இதே நிறுவனமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

அந்த நிறுவனத்தில் பறந்து சேர்த்து வைத்த மைல்கள் (பரிசுப் புள்ளிகள்) என்ன ஆகும்?

முடிந்தவரை சீக்கிரம் செலவு செய்துவிடுங்கள், முடிந்தால் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில். மைல் திட்டத்தைத் தனி நிறுவனம் நடத்தினால் சில நேரம் தப்பிக்கும்: ஜெட் ஏர்வேஸ் நின்ற பிறகும் அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறித் தொடர்ந்தது. ஆனால் 2017-இல் ஏர் பெர்லின் திவாலானபோது தனி நிறுவனமாக இருந்த அதன் மைல் திட்டமான டாப்போனஸும் சில நாட்களிலேயே திவால் மனு போட்டது.

சார்ஜ்பேக்கும் கிடைக்கவில்லை, இன்சூரன்ஸும் இல்லை. திவாலான நிறுவனத்தின் கணக்கை முடிக்க நியமிக்கப்படும் நிர்வாகியிடம் கோரிக்கை கொடுத்துப் பயன் உண்டா?

கொடுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். விற்ற சொத்திலிருந்து வரும் பணம் முதலில் நிர்வாகச் செலவுக்கும், அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கிகளுக்கும், நாட்டுக்கு நாடு வித்தியாசப்பட்டாலும் பொதுவாக ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கும் போகும். அடமானம் இல்லாத பயணிகள் அதற்கெல்லாம் பின்னால்தான் வருவார்கள். விமானங்களில் பெரும்பகுதி குத்தகை என்பதால் விற்பதற்கே அதிகம் இருக்காது. காலமும் ஆகும், 2019-இல் நின்ற ஜெட் ஏர்வேஸின் சொத்துகளை விற்றுக் கணக்கு முடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்.

இருந்தாலும் கோரிக்கை கொடுக்கப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. நிர்வாகி அறிவிக்கும் கடைசித் தேதிக்குள், அவர் கேட்கும் படிவத்தில், டிக்கெட் எண்ணும் பணம் கட்டிய ஆதாரமும் சேர்த்து அனுப்புங்கள், தேதி தவறினால் வரிசையிலேயே இடம் இருக்காது. நடுவில் வங்கியோ இன்சூரன்ஸோ பணம் கொடுத்துவிட்டால் நிர்வாகிக்கு எழுதி அந்தத் தொகையைக் கோரிக்கையிலிருந்து நீக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம், "உங்கள் ரீஃபண்ட் தயார், கார்டு விவரம் கொடுங்கள்" என்று வரும் அழைப்புகளையும் செய்திகளையும் நம்பாதீர்கள், நிறுவனம் விழுந்த சில நாட்களிலேயே மோசடிக்காரர்கள் பயணிகளைத் தேடி வருவார்கள். நிர்வாகியின் தொடர்பு விவரத்தை அதிகாரப்பூர்வ அறிவிப்பிலிருந்து நீங்களே எடுத்து, நீங்களே தொடர்பு கொள்ளுங்கள்.